கிட்டத்து ஊர் எது?

வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவர் யாரென்று தெரியவில்லை, பார்த்த சாட்சியும் இல்லை. இப்படியொரு நிலைமைக்கு யூத வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமம், 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். எது கிட்டத்து ஊரோ அந்த ஊர் மூப்பர்கள், அதுவரை நுகம் பூட்டாத ஒரு கிடாரிக் கன்றை, உழவும் விதைப்பும் நடக்காத ஓடைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போய் அதன் கழுத்தை முறிக்க வேண்டும். பிறகு அதன்மேல் கைகளைக் கழுவி, தாங்கள் இந்தக் கொலையைச் செய்யவும் இல்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை என்று எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, சோத்தா என்ற பகுதியில், இந்தச் சடங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறது. மூப்பர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது சந்தேகப்பட்டார்களா? யாரும் சந்தேகப்படாதபோது அவர்கள் ஏன் வந்து நின்று மறுக்க வேண்டும்? மிஷ்னா தருகிற விடையைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மூப்பர்கள் மறுத்தாக வேண்டியது வேறொரு குற்றத்தையாம். அந்த ஆள் எங்கள் ஊருக்கு வந்தபோது சோறு போடாமல் அனுப்பிவிடவில்லை, துணைக்கு ஆளில்லாமல் தனியே போகவிடவில்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடிகிற ஊருக்குத்தான் கை கழுவும் உரிமை. நம் பேச்சில் ஒருவரைக் கை கழுவிவிட்டோம் என்றால் அதோடு விவகாரம் முடிந்தது. அங்கே கணக்குச் சொன்ன பிறகுதான் தண்ணீரே ஊற்றுவார்கள்.

எருசலேம் தல்மூத் இதில் இன்னொரு கிளையைக் காட்டுகிறது. பாபிலோன் பக்கத்து அறிஞர்கள் இந்தச் சோறும் துணையும் கொல்லப்பட்டவருக்கு மறுக்கப்பட்டதா என்று பார்த்தார்கள். இஸ்ரவேல் தேசத்து அறிஞர்களோ, கொன்றவன் எங்கள் கையில் சிக்கியும் நாங்கள் தண்டிக்காமல் விட்டுவிட்டோமா என்று படித்தார்கள். இரண்டு கேள்வியும் ஊரை நோக்கித்தான் நீள்கின்றன.

இப்போது சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். இங்கே பல ஆண்டுகளாகப் பெண் சிசுக்கள் செத்தன. வயல்வெளியில் கிடக்கவில்லை. வீட்டுக்குள் செத்து, வீட்டுப் பின்புறத்தில் புதைந்தன. 1991 மக்கள்தொகைக் கணக்கில், நாமக்கல் பிரியாத பழைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2001இல், சேலத்தில் 851. அதே ஆண்டு தமிழ்நாடு முழுமைக்கும் 942. இயற்கையாக விட்டால் 950ஐ ஒட்டி நிற்க வேண்டிய எண் இது. அப்படியானால் ஒவ்வொரு ஆயிரம் பையன்களுக்கும் பக்கத்தில் ஏறக்குறைய நூறு பெண் குழந்தைகள் இல்லை. இருந்த இடம் தெரியாமல் இல்லை.

யாராவது அளந்தார்களா? அளவுகோல் வந்தது, ஆனால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தது. போலீஸ் ஜீப் எப்போதாவது வந்து நின்றபோது ஏற்றிக்கொண்டு போனது பெற்றவளையும் மாமியாரையும், சில நேரம் பிரசவம் பார்த்த கிழவியையும். ஊர் தன் பங்குக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவளைத் திட்டியது. நகரத்துப் பத்திரிகைகள் ‘கல் நெஞ்சத் தாய்’ என்று எழுதின. 1980களின் நடுவில் உசிலம்பட்டிச் செய்தி வெளியே வந்தபோது, அது அந்த ஊர் வழக்கம், அந்தச் சாதி வழக்கம் என்று இந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். சேலத்து எண்கள் வெளிவந்த பிறகு, அது பனமரத்துப்பட்டிப் பக்கம், ஓமலூர் பக்கம், காட்டுக்குள் இருக்கிறவர்கள் செய்வது என்று பேச்சு நகர்ந்தது. கிட்டத்து ஊர் எப்போதும் பக்கத்து ஊராகவே இருந்தது. இங்கே நிலம் வைத்திருக்கிற சாதி, விசைத்தறி ஓட்டுகிற சாதி, கூலிக்குப் போகிற சாதி என்று எதையும் இந்தக் கணக்கிலிருந்து முழுதாகக் கழித்துவிட முடியாது. மேலே போகப் போகச் சொத்துப் பிரியுமே என்ற பயம், கீழே வர வர வரதட்சணைக்கு எங்கே போவது என்ற பயம்.

சட்டத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒரு பெண் இந்தச் சோதனைக்குப் போனால் கணவரோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. இல்லை என்று நிரூபிப்பது மற்றவர்கள் வேலை. பாராட்ட வேண்டிய பிரிவுதான். ஆனால் அதே பெண்ணுக்கு அதே வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அந்த அனுமானம் பிரசவ வலியோடு போய்விடுகிறது. ஏழாவது மாதத்தில் கட்டாயப்படுத்தப்பட்டவள் பத்தாவது மாதம் முடிந்த மூன்றாம் நாள் தன் இஷ்டப்படி கொன்றவள் ஆகிறாள், கொலை வழக்கு அவள் பெயருக்கு வருகிறது. கருவுக்குள் ஊரைப் பார்த்த சட்டம், கருவுக்கு வெளியே வந்ததும் தாயை மட்டும் பார்க்கிறது.

அரசு செய்ததை மறைக்கக் கூடாது. 1992இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சேலத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் போனது. அந்தத் தொட்டிலால் பிழைத்து இன்று வளர்ந்து நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடிருப்பதை எந்த விமர்சனமும் சிறுமைப்படுத்திவிடாது. ஆனால் அந்தத் தொட்டில் யாரிடம் என்ன சொன்னது என்பதைக் கேட்க வேண்டும். பெற்ற உடம்பின் ரத்தம் நிற்காதவளிடம், நீயே தூக்கிக்கொண்டு வா, யாரும் பார்க்காத நேரத்தில் போட்டுவிட்டுப் போ, உன் பெயரைக்கூடக் கேட்க மாட்டோம் என்றது. மிஷ்னா கேட்ட இரண்டையும் இங்கே வைத்துப் பாருங்கள். சோறு போட்டார்களா? துணைக்கு ஆள் அனுப்பினார்களா? தொட்டிலுக்கு வருகிறவள் தனியாக வந்து தனியாகப் போனாள். அவள் திரும்பிப்போன வீட்டில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை. அடுத்த பிள்ளை ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற ஏற்பாடும் மாறவில்லை. பெண் குழந்தையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அரசே வீட்டுக்காரர்களுக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. அதே 1992இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் வங்கியில் பணம் போடுவதற்கு நிபந்தனை, ஆண் வாரிசு இல்லாத பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்பது. அந்த ஒருவர் நடைமுறையில் யாராக இருந்திருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த ஊர்களுக்குக் கூட்டுப் பொறுப்பு என்ற ஒன்று தெரியாது என்று சொல்லலாமா? இதை விடப் பெரிய பொய் கிடையாது. தல்மூத்தில், சாத்திரம் படிக்காத யூதருக்கும் தெரிந்த ஒரு கருத்து உண்டு. இஸ்ரவேலர் எல்லோரும் ஒருவருக்கொருவர் ‘அரேவ்’ என்பது அது. எபிரேயத்தில் அரேவ் என்றால் கடனுக்குப் பிணை நிற்பவர். பக்தி வார்த்தை இல்லை, கடன் பத்திரத்து வார்த்தை. லாரி ஃபைனான்ஸ் ஓடுகிற நாமக்கல்லில், ரிக் வண்டி வாங்கப் பத்துப் பேர் சேர்ந்து பணம் புரட்டுகிற திருச்செங்கோட்டில், இந்த வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டாம். ஜாமீன் கையெழுத்து என்றால் என்னவென்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவன் வீட்டு வாசலுக்கு ஆள் வரும்.

பெண்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்களில் பத்துப் பெண்களைச் சேர்த்து உட்காரவைத்து, ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயரே கூட்டுப் பொறுப்பு. வாரம் தவறாமல் சேலத்து வீதிகளில் ஏதோ ஒரு வாசலில், கட்ட முடியாதவளை மற்றப் பெண்களே சூழ்ந்து நின்று நெருக்குகிற காட்சி நடக்கிறது. ஆக, ஒருத்தியின் தவறுக்கு எல்லோரும் பிணை என்கிற தத்துவம் நம் சமவெளியில் நன்றாகவே வேலை செய்கிறது. முந்நூறு ரூபாய்த் தவணைக்கு வேலை செய்கிற அது, மூன்று நாள் குழந்தைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. பணம் தவறினால் குழு முழுதும் பொறுப்பு. குழந்தை செத்தால் பெற்றவள் ஒருத்தி பொறுப்பு.

எல்லோரும் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தல்மூத் ஆசிரியர்களும் இந்த ஓட்டையைப் பார்த்திருக்கிறார்கள். பிணைக் கொள்கையைச் சொன்ன இடத்திலேயே ஒரு கட்டும் போடுகிறார்கள்: தடுத்துச் சொல்லும் சக்தி இருந்தும் சொல்லாமல் இருந்தவர்தான் மாட்டுவார். சபாத் என்ற பகுதியில் இதை வட்டம் வட்டமாக விரிக்கிறார்கள். வீட்டாரைத் தடுக்க முடிந்தும் தடுக்காதவர் வீட்டாருக்காகவும், ஊராரைத் தடுக்க முடிந்தவர் ஊராருக்காகவும், அதற்கும் மேல் செல்வாக்குள்ளவர் உலகத்துக்காகவும் பதில் சொல்ல வேண்டும். செல்வாக்கு எவ்வளவோ குற்றமும் அவ்வளவு. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரு சேலத்து வீட்டுக்குள் போங்கள். பத்தொன்பது வயதில் மூன்றாவது பிள்ளை பெற்றவளின் கையில் தடுக்கும் சக்தி எவ்வளவு? அவளுக்கு அடுத்து மாமியாருக்கு எவ்வளவு? கணவனுக்கு? பங்காளிகளுக்கு? ஊர்க்கவுண்டருக்கு? சட்டமன்ற உறுப்பினருக்கு? நம் போலீஸ் அந்த வரிசையின் கடைக்கோடியிலிருந்து எண்ணத் தொடங்கி அங்கேயே நிறுத்திக்கொள்கிறது.

ஊர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே பல ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது தலைக்கட்டு எண்ணுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்ப்பவள் எத்தனை ஏக்கர் உழுதாலும் தலைக்கட்டு ஆவதில்லை. யூதப் பழைமைவாதிகளிடமும் இதே கணக்கு உண்டு. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும், அந்தப் பத்தில் பெண்ணை எண்ண மாட்டார்கள். ஆக, எண்ணிக்கையில் வராதவள்தான் குற்றம் என்று வரும்போது மட்டும் முதல் ஆளாக எண்ணப்படுகிறாள்.

ஊருக்குத் தடுக்கும் சக்தி இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2015 ஜனவரியில் திருச்செங்கோடு தன் சக்தியைக் காட்டியது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் தங்கள் ஊர்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டது என்று சொல்லி, ஊரே கடையடைத்தது. ஒரு கதைப் புத்தகத்துக்கு. எழுதியவரை மாவட்ட நிர்வாகத்தின் முன்னால் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கவைத்தது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்கும்வரை விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்த பிறகுதான் அவர் மறுபடி பேனாவைத் தொட்டார். பெண்களின் மானத்துக்காக ஒரே நாளில் ஷட்டரை இறக்க முடிகிற ஊர்கள் இவை. அந்த மானம் உள்ள பெண்களின் உயிருக்காக, பிறந்து மூன்று நாளான பெண்களின் உயிருக்காக, இந்தச் சமவெளியில் அப்படியொரு கடையடைப்பு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே ஆண்டு ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், தலித் இளைஞர், பொறியியல் படித்தவர், தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஒரு சாதி அமைப்பின் தலைவர் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. உபாகமம் சொன்னது போலவே வெளியில் கிடந்த பிணம், ஆனால் எந்த ஊர் மூப்பரும் கிட்டத்து ஊர் எதுவென்று அளக்க வரவில்லை. ஒரு பெண் யாரோடு பேசுகிறாள் என்று கோயில் பிரகாரம்வரை கண் வைத்திருக்க முடிகிற சமூகம், அவள் பிறந்தபோது தொட்டிலைத் தாண்டினாளா என்று பார்க்கக் கண்ணில்லாமல் போனதாம். கண்காணிப்பு இங்கே கொட்டிக் கிடக்கிறது. அது பெண்ணுக்கு எதிராகப் பார்க்கும், அவளுக்காகப் பார்க்காது.

பெரியாரும் அம்பேத்கரும் இருக்கும்போது யூத மறைநூல் எதற்கு என்று தோழிகள் கேட்பார்கள். நியாயம். அந்த நூல்களை எழுதியவர்கள் ஆண்கள். மூப்பர்கள் ஆண்கள், அளக்க வந்தவர்கள் ஆண்கள். ஆண்கள் ஊரைக் கவனிக்காமல் விட்டதற்குக் கழுத்து முறிபட்டது ஒரு கிடாரி. நம் பக்கத்தில் மாடு கிடாரிக் கன்று ஈன்றால் சீம்பாலோடு சந்தோஷம் வரும், காளைக் கன்று பாதிப் பாலுக்கே தடுமாறும். மனுஷி ஈனும்போது மட்டும் கணக்குத் தலைகீழாகும். எனவே எந்தத் தொழுவத்தின் நீதியையும் நான் கும்பிடப்போவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிணை என்ற இந்தச் சொல்லைத் தன் இனத்துக்குள் மட்டும் பூட்டிவைத்துக்கொண்டு, காஸாவின் குழந்தைகள் சாகும்போது தூரத்தை அளக்க மறுக்கும் அரசு ஒன்று இருக்கிறது. அதே நூல்களைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கி அந்த அரசை எதிர்க்கும் யூதர்களும் இருக்கிறார்கள். நூல் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. சேலத்திலிருந்து ரயில் ஏறினால் ஒரு பகலில் கொச்சி. அங்கே 1568இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. இதொன்றும் நமக்கு அவ்வளவு அந்நியமான சரக்கு இல்லை.

அந்த நூல்களுக்குள்ளேயே ஐந்து பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். செலொப்பியாத் என்பவரின் மகள்கள். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில், அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயரும் பங்கும் அழிய வேண்டுமா என்று மோசே முன்னால், சபை முழுதும் பார்க்க, கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது சரி என்று சட்டம் திருத்தப்படுகிறது. ஆனால் 36ஆம் அதிகாரத்தில் பங்காளிகள் வந்துவிடுகிறார்கள். இவர்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் கைமாறிவிடுமே என்கிறார்கள். சரி, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளட்டும் என்று முடிகிறது. கொங்கு நாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவளுக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 2005இல் இந்தியா முழுதும் வந்தது. சட்டம் வந்ததும் கூடவே விடுதலைப் பத்திரமும் வந்தது. அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுச் சீர் போதும் என்று கையெழுத்துப் போடுகிறவளுக்கு ‘நல்ல பொண்ணு’ பட்டம். போட மறுத்தால் வாசல்படி மூடும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, காட்டுக்கு விடுதலைக் கையெழுத்து. எங்கள் பேனாவுக்கு இரண்டே வேலை. பெண் பிறந்தால் சொத்துப் போய்விடும் என்று ஒரு தலைமுறை பயந்தது. சொத்தும் போகவில்லை. பெண்தான் போனாள்.

அப்புறம் மருத்துவச்சிகள். யாத்திராகமம் முதல் அதிகாரத்திலேயே வருகிறார்கள், சிப்பிராள், பூவாள் என்று இருவர். பிறக்கிற ஆண் குழந்தைகளைக் கொன்றுவிட வேண்டும் என்று எகிப்து மன்னன் அவர்களிடம் உத்தரவிடுகிறான். அவர்கள் செய்யவில்லை. கேட்டபோது, இந்தப் பெண்கள் நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று மன்னனிடம் பொய் சொல்கிறார்கள். பின்னால் வந்த யூத அறிஞர்கள் அதோடு விடவில்லை. கொல்லாமல் இருந்தது மட்டுமா, ஏழைத் தாய்மாருக்குத் தண்ணீரும் உணவும் வசதியான வீடுகளில் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று விரிக்கிறார்கள். பாருங்கள், மறுபடியும் சோறு. கொலையை மறுப்பது பாதி வேலை, பெற்றவளின் அடுப்பை மூட்டுவது மீதி. நம் ஊர் மருத்துவச்சிக்குக் கொல்ல மறுத்தால் அடுத்த பிரசவத்துக்கு அழைப்பு வராது. அவளுக்கு எந்த ஊர் துணை நின்றது?

துணை நின்ற ஓரிடம் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த தர்மபுரி மாவட்டத்தில், 1997 முதல் 1999 வரை, பெண் சிசுக்கொலைக்கு எதிராக ஒரு மக்கள் இயக்கம் நடந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முன்னதாக இருவரும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைப் புரட்டி, எந்த வட்டாரத்தில் எத்தனை பெண் சிசுக்கள் ‘சமூகக் காரணங்களால்’ இறந்தன என்று வெளியே கொண்டுவந்தவர்கள். கிராமத்துச் செவிலியர்கள் அந்தப் பதிவேட்டில் உண்மையை எழுதியதால்தான் அந்தக் கணக்கே கிடைத்தது. பிறகு கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராக நாடகத்தோடு போயின. கதையில் குற்றவாளிக் கூண்டு ஒரு தாய்க்கு மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஊரே உள்ளே வந்தது. சாவுகள் குறைந்தன. யாரையும் தூக்கில் போட்டதால் குறையவில்லை.

குறைந்தது உண்மை. 2011 கணக்கில் சேலம் 900ஐத் தாண்டியது. அதைச் சொல்லிக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள், ஸ்கேன் கருவியை வீட்டுக்கே எடுத்துவந்து பார்த்துச் சொல்லும் கும்பல்கள் சேலத்திலும் தர்மபுரியிலும் அண்மை ஆண்டுகளில்கூடப் பிடிபடுவதைப் படிப்பதில்லை போலிருக்கிறது. கள்ளிப்பால் போய் ஜெல் வந்தது. நாமக்கல் பக்கத்தில் இன்னொரு சந்தையும் உண்டு. 2019இல் ராசிபுரத்தில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளை விற்றுவந்த கும்பல் ஒரு செல்போன் ஒலிப்பதிவால் பிடிபட்டது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்குக் குறைந்த விலை. கருவறையில் தொடங்கிய விலைப்பட்டியல் அங்கே வாய்விட்டுப் படிக்கப்பட்டது.

இன்றைக்கு இந்தச் சமவெளியில் பெரிய நெருக்கடி என்று ஊரும் சாதிச் சங்கங்களும் புலம்புவது வேறு. பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதாகிறது, தோட்டம் இருக்கிறது, லாரி இருக்கிறது, பெண் இல்லை. தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் போய் ஏழை வீடுகளில் பெண் பார்த்துவருகிறார்கள். இந்தப் பெண்கள் படித்துவிட்டு விவசாயியைக் கட்ட மாட்டேன் என்கிறார்கள் என்று எங்கள் தலையில் பழியைப் போடுகிறார்கள். அந்தப் பையன்கள் யார்? 849க்கும் 851க்கும் எதிர்ப்பக்கத்தில் நின்ற ஆயிரம் பேர்தான். அவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய அத்தை மகள்களும் மாமன் மகள்களும் பின்கட்டில் இருக்கிறார்கள். இருபது ஆண்டு முன்பே தெரிந்த கணக்கு இது. அப்போது பெண்கள் செத்ததால் அதற்கு நெருக்கடி என்று பெயர் இல்லை. இப்போது ஆண்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனவே நெருக்கடி.

தல்மூத்தின் சபாத் பகுதியில், பொறுப்பு வட்டங்களைச் சொன்ன பக்கத்தை ஒட்டியே ஒரு சம்பவம் இருக்கிறது. சாமுவேல் என்ற பெரிய குருவின் முன்னால் ஒரு பெண் வந்து கதறுகிறாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சீடர் யூதா கேட்கிறார், இப்படி இருக்கலாமா என்று. சாமுவேல் கைகாட்டுகிறார்: எனக்கு மேலே நீதிமன்றத் தலைவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் பாடு அது. இதை அப்படியே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தூக்கிவரலாம், காவல் நிலையத்துக்கும், ஊராட்சி மன்றத்துக்கும். மேலே ஒருவர் எப்போதும் இருக்கிறார். அந்தப் பெண் எதற்காகக் கதறினாள் என்பதைத் தல்மூத் எழுதிவைக்கவில்லை. பெயரும் இல்லை. அதே பகுதியில் இன்னொரு குரு, அதிகாரத்தில் உள்ளவர்களைக் கண்டிக்கச் சொன்னபோது, நான் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்கிறார். கேட்காவிட்டாலும் சொல் என்கிறார் மற்றவர். கேட்கமாட்டார்கள் என்பதற்காக வாய் மூடியிருக்க அனுமதி கிடையாது.

இதைப் படிக்கிற மாணவிகளில் பலர் தப்பித்தவர்கள். ஒரு அம்மாவோ அம்மாச்சியோ பிடிவாதம் பிடித்ததால் பிறந்தவர்கள், படிக்கவைத்ததால் ஊரைத் தாண்டி விடுதிக்கும் வேலைக்கும் வந்தவர்கள். எஸ்தர் கதையில் மொர்தெகாய், அரண்மனைக்குள் இருக்கிற எஸ்தருக்கு ஆள் அனுப்பி, அரசி என்பதால் நீ மட்டும் தப்பிவிடுவாய் என்று எண்ணாதே என்று எச்சரிக்கிறான். எல்லோரும் இந்த எச்சரிக்கையை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது எஸ்தரின் பதில். தனியே போய்ச் சாகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஊரில் உள்ள யூதர் எல்லோரையும் கூட்டு, மூன்று நாள் எனக்காக நோன்பிருக்கச் சொல், பிறகு போகிறேன் என்கிறாள். முன்னால் போகிறவள் நான்தான், பின்னால் ஊர் நிற்க வேண்டும் என்று வேலை கொடுக்கிறாள். தியாகப் பெண்ணாக இருக்க நமக்கும் ஆசை வேண்டாம்.

எனவே நான் கேட்பது ஒரு தாள்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குப்பை, குடிநீர், நூறு நாள் வேலை எல்லாம் பேசுகிறார்கள். கர்ப்பம் பதிவானதும் ஒவ்வொருத்திக்கும் ஆர்.சி.எச். எண் கொடுத்து அரசு பின்தொடர்கிறது. அந்தக் கணக்கு கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது. கடந்த கூட்டத்துக்குப் பிறகு இந்த ஊராட்சியில் எத்தனை கர்ப்பம் பதிவானது, எத்தனை பிரசவம் ஆனது, பிறந்ததில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, இப்போது உயிரோடு எத்தனை. இந்த ஐந்து எண்களை ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். எந்தத் தாயின் பெயரும் வேண்டாம், எந்த வீட்டு எண்ணும் வேண்டாம். ஊரின் எண் மட்டும். படித்து முடித்ததும் ஊராட்சித் தலைவரும், கோயில் தர்மகர்த்தாவும், கூட்டுறவுச் சங்கத் தலைவரும், தலைக்கட்டுக்காரர்களும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் எங்களுக்குப் பேனா நீட்டிப் பழகிய கைகள்தானே.